இருதலை மணியனுக்கு எத்தனை தலை?

வடக்கே குடியேறிய நம் குடும்பங்களில் பலர் 'தோமுஹி' என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். இரண்டு வாய் உள்ளது என்று பொருள். மகாராஷ்டிரத்தில் இதையே 'மாண்டூள்' என்கிறார்கள். புதுப் பெயராகத் தோன்றினாலும் ஆள் நமக்குப் பழக்கமானவர்தான். ஊரில் பாட்டிமார் மண்ணுளிப் பாம்பு என்றும் இருதலை மணியன் என்றும் சொல்லிப் பயமுறுத்தினார்களே, அதே பாம்புதான் இது.

இதற்குத் தமிழ் மண்ணோடு இன்னொரு உறவும் உண்டு. இதன் அறிவியல் பெயர் 'எரிக்ஸ் ஜானியை'. இதில் வரும் ஜான், தரங்கம்பாடியில் வாழ்ந்த ஜெர்மானியப் பாதிரியார் கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான். 1771-ல் அங்கே வந்த அவர், சமயப் பணியோடு நம் கடற்கரையின் உயிரினங்களையும் ஆராய்ந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றிய டாக்டர் பாட்ரிக் ரஸல் 1801-ல் இந்தப் பாம்பை விவரித்தபோது அவர் பெயரையே சூட்டினார்.

தரங்கம்பாடியில் பெயர் பெற்றாலும், இந்தப் பாம்பு செழித்து வாழ்வது வறண்ட நிலத்தில்தான். ராஜஸ்தானின் தார்ப் பாலைவனம், குஜராத், மேற்கே பாகிஸ்தான், ஈரான் வரை பரவியிருக்கிறது. தெற்கே தமிழகத்தின் வறண்ட பகுதிகளிலும் உண்டு. பெரும்பாலும் இரண்டு, மூன்று அடி நீளம். நான்கடியைத் தொடுவது அபூர்வம். செம்பழுப்பு நிறம், வழவழப்பான செதில்கள், உருண்டு திரண்ட உடம்பு. தென் அமெரிக்காவின் பிரம்மாண்டமான அனகோண்டாகூட இதற்குத் தூரத்து உறவு என்றால் நம்புவது கடினம்!

பகலெல்லாம் மணலுக்குள்ளோ எலி வளையிலோ புதைந்து கிடக்கும். மண்ணைத் துளைத்துப் போக வசதியாக மூக்கு ஆப்பு போல் அமைந்திருக்கிறது. கண்கள் மிகச் சிறியவை. பொழுது சாய்ந்ததும் இரை தேடும். முக்கிய உணவு எலி. இதற்கு விஷம் கிடையாது. இரையை உடலால் சுற்றி இறுக்கிக் கொன்று விழுங்கும். முட்டையிடுவதில்லை, குட்டி போடும், ஒரு ஈற்றில் 14 வரை. குட்டிகளின் உடலில் கறுப்பு வளையங்கள் தெரியும். வளர வளர அவை மங்கிவிடும்.

சரி, இரண்டாவது தலை எங்கிருந்து வந்தது? வால் கூர்மையாக முடியாமல் மழுங்கி, தலையைப் போலவே இருக்கிறது. ஆபத்து வந்தால் பாம்பு உண்மையான தலையைச் சுருளுக்குள் ஒளித்துக்கொண்டு வாலைத் தூக்கிக் காட்டும். எதிரி வாலைக் கொத்தினாலும் உயிர் தப்பும். கடிக்கக்கூட மனமில்லாத பிராணிக்கு இதுதான் தற்காப்பு. பாம்பாட்டிகள் சிலர் இந்த வாலில் சூடு போட்டு, கண், வாய் போல் தழும்பு உண்டாக்கி, 'ஆறு மாதம் இந்தத் தலை, ஆறு மாதம் அந்தத் தலை' என்று காசு பார்த்தார்கள். இது நக்கினால் குஷ்டம் வரும் என்பது நம் ஊர்க் கதை. குஷ்டம் ஒரு கிருமியால் வருவது. பாம்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இந்தக் கதைகளால் அடிபட்டுச் செத்த பாம்புகள் ஏராளம். ஆனால் அதைவிடப் பெரிய ஆபத்து இன்னொரு கதையால் வந்தது. இதை வீட்டில் வைத்தால் லட்சுமி கடாட்சம், புதையல் கிடைக்கும், தீராத நோய் தீரும் என்று யாரோ கிளப்பிவிட, எடை கூடக்கூட விலையும் கூடும் என்று தரகர்கள் பேரம் பேசத் தொடங்கினார்கள். லட்சம், கோடி என்று விலை சொல்லி, கையிலிருந்த சேமிப்பை எல்லாம் வாங்கிக்கொண்டு மறைந்துவிடுகிறார்கள். மகாராஷ்டிரம், கர்நாடகம், தமிழகம் எனப் பல மாநிலங்களில் இதற்காகக் கைதானவர்கள் உண்டு. பாம்போ சாக்கு மூட்டையிலும் பிளாஸ்டிக் டப்பாவிலும் அடைபட்டு வதைபடுகிறது. மெதுவாக ஊர்ந்து, கடிக்காமல் கிடக்கும் சாதுத்தனமே அதற்கு எமனாகிவிட்டது.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன்படி இதைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். 'ஏமாந்து வாங்கினேன்' என்பவரும் வழக்கிலிருந்து எளிதில் தப்ப முடியாது. ஆகவே தெரிந்தவர் யாராவது 'பார்ட்டி ரெடி, பங்கு போட்டால் போதும்' என்று வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஊரில் உள்ள உறவினரோடு தொலைபேசியில் பேசும்போது அவர்கள் காதிலும் போட்டு வையுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. சாதுப் பாம்புதானே என்று எதையும் கையில் எடுக்காதீர்கள். இதன் நெருங்கிய சொந்தமான இன்னொரு மண்ணுளி, சொரசொரப்பான செதிலும் திட்டுத் திட்டான புள்ளியுமாக, பார்ப்பதற்குக் கண்ணாடி விரியன் போலவே இருக்கும். ராஜஸ்தான் மணலில் கொடிய விஷமுள்ள சுருட்டை விரியனும் உண்டு. வீட்டருகே பாம்பு தென்பட்டால் குழந்தைகளை விலக்கி நிறுத்தி, வனத்துறைக்குத் தகவல் கொடுப்பதே நல்லது.

வயலில் தானியத்தைத் தின்று தீர்க்கும் எலிகளைக் கூலி கேட்காமல் ஒழிக்கும் விவசாயி நண்பன் இது. அது தரும் செல்வம் அவ்வளவுதான், அதுவே போதும். அடுத்த விடுமுறையில் ஜோத்பூர், ஜெய்சல்மேர் பக்கம் போனால், காலடி மணலுக்குள் இப்படியொரு ஜீவன் உறங்குகிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். தரங்கம்பாடியையும் மறக்காமல் சேர்த்துச் சொல்லுங்கள்.