எலக்ட்ரானுக்கு விழிக்கும் வெள்ளி மணிகள்

1940களின் தொடக்கம். கொல்கத்தா போஸ் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த விபா சௌதுரியும் தேபேந்திர மோகன் போசும் டார்ஜிலிங், சந்தக்பூ மலைகளில் ஒளிப்படத் தட்டுகளை வைத்து, விண்கதிர் துகள்கள் அவற்றில் விட்டுச்சென்ற தடங்களை நுண்ணோக்கியில் அளந்தார்கள். புதிய துகளொன்றின் நிறையைக் கணிக்கும் அளவுக்கு வந்துவிட்டார்கள். ஆனால் உணர்திறன் கூடிய தட்டுகள் போர்க்காலத்தில் கிடைக்கவில்லை. வேலை அங்கேயே நின்றது. மேம்பட்ட இல்ஃபோர்டு தட்டுகளைக் கொண்டு 1947இல் பையான் என்ற துகளைக் கண்ட செசில் பவலுக்கு 1950இல் நோபல் பரிசு கிடைத்தது. விபாவின் திறமைக்கு எந்தக் குறையும் இல்லை; குறை தட்டுப் பூச்சில் இருந்தது.

அந்தப் பூச்சுதான் எமல்ஷன்: ஜெலட்டினில் வெள்ளி புரோமைடு மணிகள். வேகமான எலக்ட்ரானையும் பதிவு செய்யும் எமல்ஷன் 1948இல் வந்தது. பிறகு உயிரியலாளர்கள் அதைக் கையில் எடுத்தார்கள். சிதையும்போது எலக்ட்ரானை வெளியிடும் கதிரியக்க ஹைட்ரஜனான டிரிட்டியம் சேர்த்த அமினோ அமிலத்தைத் திசுவுக்குக் கொடுத்து, 100 நானோமீட்டருக்கும் மெல்லிய சீவலாக வெட்டி, மேலே ஒரே அடுக்கு மணிகளைப் பரப்பி, வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் இருட்டில் வைப்பார்கள். டெவலப் செய்தபின் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், எலக்ட்ரான் பட்ட மணிகள் சுருண்ட வெள்ளி இழைகளாக உயிரணுவின் படத்தின் மேலேயே தெரியும். கணைய உயிரணுவில் புரதம் பயணிக்கும் பாதையை ஜார்ஜ் பலாடேயின் குழு இப்படித்தான் தொடர்ந்தது.

இங்கே விடாத ஓர் இழுபறி உண்டு. இல்ஃபோர்டு எல்-4 மணி சுமார் 140 நானோமீட்டர், கோடாக்கின் என்.டி.இ. மணி 50தான். பெரிய மணி எலக்ட்ரானை எளிதில் பிடிக்கும், ஆனால் அது புறப்பட்ட இடத்தைச் சரியாகக் காட்டாது. சிறிய மணி இடத்தைத் துல்லியமாகச் சொல்லும், பலவற்றைத் தவறவிடும். எல்-4இலேயே ஒரு மணி பதிய ஏறத்தாழ பத்துச் சிதைவுகள் வேண்டும். உயிரியலாளர் மிரியம் சால்பீட்டர் இடத்துல்லியத்தை ஊகத்துக்கு விடாமல் அளந்து காட்டினார். மெல்லிய கதிரியக்கக் கோட்டிலிருந்து பாதி மணிகள் விழும் தூரத்தை அவர் அளவுகோலாக வைத்தார். எல்-4க்கு அது சுமார் 160 நானோமீட்டர். இந்த நுட்பத்தில் நான் அதிகம் மதிப்பது அந்தக் கண்டிப்பைத்தான்.

கடலூர் போன்ற கரையோர ஊர்களில் ஈரக்காற்று கூடுதல் தொல்லை. ஈரமும் ஆக்சிஜனும் சேர்ந்தால், மணியில் பதிந்த சுவடு டெவலப் செய்வதற்குள் அழியும். அதனால் சீவல்களை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு மூடிய பெட்டியில், 4 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். கூடவே, வேண்டுமென்றே வெளிச்சம் காட்டிய ஒரு தட்டையும் வைக்க வேண்டும். கடைசியில் அது முழுக்கக் கறுக்காவிட்டால், அந்தப் பெட்டியின் கணக்குகளை நம்பக் கூடாது.