அணுவுலை விபத்தும் மக்களைக் காத்தலும்

அணுமின் நிலையத்தில் விபத்து நேரின் செய்யத்தக்கது யாது? அயலிலுள்ளாரை விரைந்து வெளியேற்றலே என்பர் பலர். அவ்விடை எல்லார்க்கும் பொருந்துமோ என்னும் ஐயத்தை யப்பான் நாட்டுப் புக்குசிமாவில் நிகழ்ந்தவை எழுப்பின.

2011ஆம் ஆண்டு மார்ச் 11இல் நிலநடுக்கத்தைத் தொடர்ந்தெழுந்த ஆழிப்பேரலை அந்நிலையத்தின் மின்பிறப்பாக்கிகளை மூழ்கடித்தது. உலைகளைக் குளிர்விக்க வழியற்றுப்போயிற்று. மக்கள் அகலவேண்டிய எல்லை ஒரு நாளைக்குள் 3, 10, 20 கிலோமீற்றர் என விரிந்தது. படுக்கையிற் கிடந்த நோயாளரையும் முதியோரையும் தக்க மருத்துவத் துணையின்றி வண்டிகளில் ஏற்றி நெடுந்தூரம் கொண்டுசென்றனர். வழியிலும் அடுத்த நாட்களிலும் அவருள் ஐம்பதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவரைக் கொன்றது கதிர்வீச்சன்று. குளிரும் நீரிழப்பும் பராமரிப்பின்மையுமே. காக்கப் புகுந்த செயலே உயிர்குடித்தமை நம் நெஞ்சை உறுத்துகின்றது.

இதன்பின் ஆராய்ச்சியின் போக்கு மாறிற்று. எத்துணை விரைவில் அகற்றலாம் என்பதோடு, எவரை அகற்றாதிருத்தல் நன்று என்றும் ஆராயலாயினர். அணுமின் நிலையங்களை அடுத்த வைத்தியசாலைகள் சிலவற்றில், வடிகட்டிய காற்றைச் செலுத்தும் காப்பறைகள் அமைக்கப்பட்டன. ஊர்தியும் மருத்துவரும் ஆயத்தமாகும்வரை நலிந்தோர் அங்கேயே தங்கலாம்.

ஆயின் 2024 சனவரி முதல் நாள் நோட்டோக் குடாநாட்டை உலுக்கிய நிலநடுக்கத்தில் வீடுகளும் இடிந்தன, பாதைகளும் துண்டாயின. அங்குள்ள சிக்கா அணுமின் நிலையம் அப்போது இயங்கவில்லை. இயங்கியிருந்து உலையும் சிதைந்திருப்பின், வீட்டில் இருக்கவும் ஊரைவிட்டு ஏகவும் இயலா மக்கள் யாது செய்வர்?