பெரிய கம்பெனியா, புதுக் கம்பெனியா?

பெங்களூர்த் தமிழர் வீடுகளில் இப்போது அடிக்கடி எழும் பிரச்சினை ஒன்று உண்டு. என்ஜினீயரிங் படித்து முடித்த மகனுக்கோ மகளுக்கோ ஒரே மாதத்தில் இரண்டு வேலை உத்தரவுகள் வந்துவிடுகின்றன. ஒன்று, ஆயிரக்கணக்கானோர் வேலை பார்க்கும் பெரிய கம்ப்யூட்டர் கம்பெனியுடையது. மற்றொன்று, கோரமங்கலாவில் ஏதோ ஒரு மாடியில் பதினைந்து இருபது பேருடன் நடக்கும் புதுக் கம்பெனியுடையது. 'ஸ்டார்ட் அப்' என்பது இதற்கு வழங்கும் பெயர்.

"பெரிய இடத்துக்கே போ" என்கிறார் தந்தை. "புது இடத்தில்தான் சீக்கிரம் முன்னுக்கு வரலாம்" என்கிறான் மகன். இரண்டு பேச்சிலும் நியாயம் உண்டு. ஆனால் பேச்சு முடிவதற்குள் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கை மட்டும் பல வீடுகளில் யாரும் போடுவதில்லை.

கோட்டைகளும் சரிந்தன

பெற்றோரின் எண்ணத்துக்குக் காரணம் இருக்கிறது. இந்நகரில் ஒரு தலைமுறைத் தமிழர்கள் குடும்பத்தை நிமிர்த்தியது பொதுத்துறை ஆலைச் சம்பளத்தில்தான். எச்.ஏ.எல். 1940-லும், ஐ.டி.ஐ. 1948-லும், எச்.எம்.டி. 1953-லும், பி.இ.எல். 1954-லும் பிறந்தன. உள்ளே நுழைந்துவிட்டால் ஓய்வு பெறும் வரை கவலை இல்லை என்ற நம்பிக்கை அன்று இருந்தது.

அந்தக் கோட்டைகள் எல்லாமே நிலைக்கவில்லை. தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பால் நூறாண்டுக்கு மேல் நடந்த கோலார் தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ம் தேதி மூடப்பட்டது. நாட்டுக்கே மணி காட்டிய எச்.எம்.டி. கைக்கடிகாரக் கம்பெனியை மூட 2016-ல் மத்திய அரசு முடிவு செய்தது. தங்கவயலில் விடிவதற்கு முன் ரயிலேறி, பெங்களூரில் வேலை பார்த்து, இருட்டிய பின் வீடு திரும்புவோர் இன்றும் ஏராளம்.

கம்ப்யூட்டர் உலகிலும் இதே கதைதான். 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேரையும், மைக்ரோசாப்ட் 10,000 பேரையும், அமேசான் 18,000-க்கும் அதிகமானோரையும் உலகெங்கும் குறைப்பதாக அறிவித்தன. பெரிய கம்பெனி என்றாலே வேலை நிரந்தரம் என்று எண்ணிவிட முடியாது.

ஆனாலும் ஒரு வித்தியாசம் உண்டு. பெரிய கம்பெனி ஆளைக் குறைக்கும்போது பெரும்பாலும் சில மாதச் சம்பளத்தைக் கொடுத்து அனுப்புகிறது. அதன் பெயரும் அடுத்த வேலைக்கு உதவுகிறது. பணம் தீர்ந்து மூடும் சிறு கம்பெனியிடம் கடைசி மாதச் சம்பளம்கூட இல்லாமல் போகலாம்.

விதை மரமான கதை

பிள்ளைகளின் ஆசைக்கும் ஆதாரம் இருக்கிறது. இன்போசிஸ் 1981-ல் ஏழு பேர் சேர்ந்து 10,000 ரூபாயில் தொடங்கியது. ஆன்லைன் வியாபாரத்தில் இறங்கிய பிளிப்கார்ட் 2007-ல் இதே பெங்களூரில் தொடங்கியது. 2018-ல் அமெரிக்காவின் வால்மார்ட் 1,600 கோடி டாலர் கொடுத்து அதன் பெரும்பகுதிப் பங்குகளை வாங்கியது. சென்னையில் 2010-ல் பிறந்த பிரஷ்வொர்க்ஸ் 2021-ல் அமெரிக்கப் பங்குச் சந்தையில் நுழைந்தது. அன்று ஊழியர்களில் 500-க்கும் மேற்பட்டோர் கோடீஸ்வரர்கள் ஆனதாக அதன் நிறுவனர் கிரீஷ் மாத்ருபூதம் கூறினார்.

இந்தக் கதைகளில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. பிளிப்கார்ட்டைத் தொடங்கிய இருவரும் முன்பு அமேசானில் வேலை பார்த்தவர்கள். கிரீஷ் ஜோஹோவில் இருந்தவர். இன்போசிஸ் நிறுவனர்கள் பட்னி கம்ப்யூட்டர்ஸிலிருந்து வந்தவர்கள். பிறருடைய கம்பெனியில் தொழில் கற்ற பிறகே அவர்கள் சொந்தக் கடை விரித்தார்கள்.

மறுபக்கமும் உண்டு. 2022-ல் 2,200 கோடி டாலர் என்று மதிப்பிடப்பட்ட பெங்களூர் பைஜுஸ் மீது, 2024 ஜூலையில் திவால் நடவடிக்கைக்குக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது.

பங்கின் உண்மை விலை

புதுக் கம்பெனி பெரும்பாலும் சம்பளத்தைக் குறைத்து, அதற்கு ஈடாகப் பங்கு தருவதாகச் சொல்கிறது. இங்கேதான் கணக்குத் தேவை.

பெரிய கம்பெனியில் மாதம் 70,000 ரூபாய், புதுக் கம்பெனியில் 50,000 ரூபாயும் 0.1 சதவீதப் பங்கும் என்று வைத்துக்கொள்வோம். மாத வித்தியாசம் 20,000. நான்கு ஆண்டுகளில் அது 9,60,000 ரூபாய். கம்பெனியின் மதிப்பு 100 கோடி என்றால் 0.1 சதவீதப் பங்கின் மதிப்பு 10 லட்சம். ஏறக்குறைய சரிக்குச் சரி என்று தோன்றும்.

ஆனால் 9,60,000 கைக்கு வர வேண்டிய பணம். 10 லட்சம் காகிதத்தில் எழுதிய எண். பங்கு வாங்கும் உரிமை பொதுவாக நான்கு ஆண்டுகளில் சிறிது சிறிதாகவே சேரும். முதல் ஆண்டு முடிவதற்குள் விலகினால் ஒன்றும் இல்லை. புதிய முதலீட்டாளர்கள் இருமுறை வந்து, ஒவ்வொரு முறையும் 20 சதவீதம் எடுத்துக்கொண்டால், 0.1 என்பது 0.064 ஆகச் சுருங்கும். பங்கை எடுத்துக்கொள்ளும்போது, கொடுத்த விலைக்கும் அன்றைய மதிப்புக்கும் உள்ள வித்தியாசம் சம்பள வருமானமாகக் கருதப்பட்டு வரி வரும். விற்காத பங்குக்கும் இந்த வரி உண்டு. அரசு சான்றளித்த சில புதுக் கம்பெனிகளின் ஊழியர்களுக்கு மட்டும், இதைத் தள்ளிக் கட்ட 2020-ல் சலுகை வந்தது.

வரிசையில் கடைசி

சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு பங்கு வாங்கும் ஊழியரும் ஒரு முதலீட்டாளரே. ஆனால் மற்ற முதலீட்டாளர்கள் பெரும்பாலும் தங்கள் பணமே முதலில் திரும்ப வேண்டும் என்று ஒப்பந்தம் எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். அவர்கள் 30 கோடி போட்ட கம்பெனி 30 கோடிக்கே விலைபோனால், ஊழியரின் பங்குக்கு ஒரு ரூபாயும் மிஞ்சாது.

கம்பெனியைக் கலைத்தாலும் இதே நிலைதான். 2016-ம் ஆண்டு திவால் சட்டப்படி, நடவடிக்கைச் செலவுகள் போக, தொழிலாளரின் 24 மாதப் பாக்கியும் அடமானக் கடனும் முன்வரிசையில் நிற்கும். மற்ற ஊழியரின் 12 மாதச் சம்பளப் பாக்கி அடுத்து வரும். பங்குதாரர் நிற்பது வரிசையின் கடைசியில்.

கேட்கத் தயங்கக் கூடாது

கையெழுத்துப் போடுவதற்கு முன் கேட்க வேண்டியவை சில உண்டு. கம்பெனியின் கையிருப்பு எத்தனை மாதச் செலவுக்கு வரும்? தருவது மொத்தப் பங்கில் எத்தனை சதவீதம்? அதை என்ன விலைக்கு எடுக்க வேண்டும்? வேலையை விட்டால் எத்தனை நாளுக்குள் எடுக்க வேண்டும்? மூத்தவர் யாரிடம் வேலை கற்கலாம்? இவற்றுக்கு நேரான பதில் வராவிட்டால், அதுவே ஒரு பதில்தான்.

20 பேருக்குக் குறைவான கம்பெனிக்குச் சேமநல நிதி கட்டாயமில்லை. பத்துப் பேருக்குக் குறைந்தால் பணிக்கொடையும் 26 வாரப் பேறுகால விடுப்பும் சட்டப்படி கிடைப்பது சந்தேகமே. கம்பெனியின் பதிவு விவரங்களை மத்திய அரசின் கம்பெனி விவகார இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். வரவு செலவுக் கணக்குகளைச் சிறு கட்டணம் செலுத்திப் பார்க்கலாம்.

கடைசிக் கேள்வி வீட்டைப் பற்றியது. ஆறு மாதம் சம்பளம் வராவிட்டாலும் அடுப்பு எரியுமா? எரியும் என்றால், இருபத்து மூன்று வயதில் புதுக் கம்பெனியில் துணிந்து இறங்கலாம். கம்பெனி மூடினாலும் கற்ற தொழில் கையில் நிற்கும். வீட்டுக் கடனும், தங்கையின் படிப்பும், தந்தையின் மருந்தும் அந்த ஒரே சம்பளத்தை நம்பி இருந்தால், இரண்டு மூன்று ஆண்டு பெரிய கம்பெனியில் தொழிலும் கற்று, பணமும் சேர்த்துக்கொள்வது நல்லது. அனுபவம் உள்ளவருக்குப் புதுக் கம்பெனியின் கதவு மூடிவிடாது. அப்போது சம்பளத்தைப் பேசி வாங்கவும் முடியும்.

தந்தையும் மகனும் வாதாடுவதை நிறுத்திவிட்டு, வீட்டின் மாதச் செலவை ஒரே தாளில் எழுதிக் கூட்டிப் பார்ப்பது நல்லது. எந்த உத்தரவில் கையெழுத்துப் போடலாம் என்பது பெரும்பாலும் அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.