எட்டு பெல்ட்... ஒரே இடுப்பு! தெரியுமா?

மல்யுத்த ட்ரம்ப் கார்டு விளையாடியவர்களுக்கு நன்றாகத் தெரியும்: எடை குறைந்த ஆள் கையில் வந்தால் 'வெயிட்' என்று வாயே திறக்கக்கூடாது, கார்டு போய்விடும்! ஆனால் அந்த 'நோஞ்சான்'களுக்கென்றே தனி சாம்பியன் பட்டங்கள் உண்டு. அந்தப் பட்டங்களின் கதையைக் கேட்டால் ஹெவிவெயிட் கதையெல்லாம் சப்பென்று ஆகிவிடும் என்பது தெரியுமா?

1996 ஆகஸ்ட். டோக்கியோவின் ரியோகோகு கொகுகிகான் அரங்கம். சூமோ வீரர்கள் மோதுவதற்கென்றே கட்டிய இடம். அங்கே வந்து இறங்கினார்கள், ஜூனியர் ஹெவிவெயிட் சாம்பியன்கள் எட்டுப் பேர். ஜப்பானில் இந்தப் பிரிவுக்கு 100 கிலோதான் எல்லை. எட்டுப் பேரிடமும் ஆளுக்கு ஒரு பெல்ட். ஜப்பான், மெக்சிகோ, அமெரிக்கா என்று எங்கெங்கோ பிறந்த பட்டங்கள். தோற்றவன் பெல்ட்டைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான் விதி! 2ஆம் தேதி தொடங்கிய ஆட்டம் 5ஆம் தேதி முடிந்தபோது எட்டும் ஒரே ஆளிடம். எட்டும் சேர்ந்த அந்தப் பட்டத்துக்கு 'ஜே கிரவுன்' என்று பெயரிட்டார்கள். வென்றவர் முகமூடி வீரர் தி கிரேட் சாசுகே.

வென்றார் என்று சும்மா சொல்லிவிட முடியாது. இறுதிப் போட்டியில் ரிங்கிலிருந்து வெளியே பாய்ந்தவர் தரையில் தலை மோதி விழுந்தார். மண்டை ஓட்டில் விரிசல்! அந்த நிலையிலும் எழுந்து வந்து ஆட்டத்தை முடித்தார். 'எல்லாம் முன்கூட்டியே பேசி வைத்த ஆட்டம்தானே' என்பவர்களுக்கு: ஆமாம், முடிவு பேசி வைத்ததுதான். மண்டை உடைந்ததை யாரும் பேசி வைக்கவில்லை.

அந்த இறுதிப் போட்டியில் தோற்ற அல்டிமோ டிராகன் சும்மா இருந்தாரா? அக்டோபரில் எட்டையும் பறித்தார். ஏற்கெனவே கையில் இன்னொரு பட்டம் இருந்தது. டிசம்பர் 29 அன்று அமெரிக்காவின் டபிள்யூ.சி.டபிள்யூ. குரூசர்வெயிட் பட்டத்தையும் வென்றார். மொத்தம் பத்து! உடம்பெல்லாம் பெல்ட்டாக அவர் நிற்கும் புகைப்படம் இன்றும் ரசிகர்களிடம் சுற்றுகிறது. சரியாக ஆறே நாள். 1997 ஜனவரி 4 அன்று ஜூஷின் லைகர் வந்து எட்டைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்.

இந்த லைகர் யார் தெரியுமா? உயரம் போதாது என்று நியூ ஜப்பான் மல்யுத்த நிறுவனம் வாசலிலேயே திருப்பி அனுப்பிய பையன்! மெக்சிகோவுக்குப் போய் வித்தை கற்றுக்கொண்டிருந்தபோது அதே நிறுவனத்தார் கண்ணில் பட்டு உள்ளே வந்தார். 1989இல் ஒரு கார்ட்டூன் தொடரின் நாயகனாக, கொம்பு வைத்த சிவப்பு முகமூடியோடு டோக்கியோ டோமில் அறிமுகமானவர், அந்த நிறுவனத்தின் ஜூனியர் பட்டத்தை 11 முறை வென்றார். 2020 ஜனவரியில் அதே டோமில்தான் ஓய்வும் பெற்றார்.

எட்டில் ஒரு பெல்ட்டின் கதை தனிக் கூத்து. டபிள்யூ.டபிள்யூ.எஃப். லைட் ஹெவிவெயிட் பட்டம் 1981இலிருந்தே மெக்சிகோவில் சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு ஜப்பானுக்குப் போனது. 1997இல் திடீரென்று ஞாபகம் வந்ததுபோல் 'எங்கள் பெல்ட்டைக் கொடுங்கள்' என்றது அமெரிக்க நிறுவனம். ஜே கிரவுன் அத்தோடு கலைந்தது. அந்த டிசம்பரில் புதுசாகப் போட்டி நடத்தி, வென்றவரை 'முதல் சாம்பியன்' என்று அறிவித்தார்கள். பழைய 16 வருடம் காற்றோடு போச்சு! வேடிக்கை என்னவென்றால், அந்த 'முதல் சாம்பியன்' டாகா மிச்சினோகு, சாசுகேயின் பட்டறையில் உருவானவர்.

எட்டில் இன்னொன்றான என்.டபிள்யூ.ஏ. உலக ஜூனியர் பட்டம் என்றால் பழைய ரசிகர்களுக்கு ஓக்லஹோமாவின் டேனி ஹாட்ஜ்தான் நினைவுக்கு வருவார். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற நிஜமான மல்யுத்த வீரர். குத்துச்சண்டையிலும் 1958இல் கோல்டன் கிளவ்ஸ் பட்டம். 70 வயதைத் தாண்டியும் ஆப்பிளை ஒரே கையால் பிழிந்து காட்டுவார்! 1976இல் சாம்பியனாக இருந்தபோதே கார் ஓடைக்குள் பாய்ந்து கழுத்தெலும்பு முறிந்தது. தலை தொங்காமல் கையால் பிடித்துக்கொண்டே தண்ணீருக்குள்ளிருந்து வெளியே வந்தார். பட்டம் போனது, ஆள் 2020 வரை இருந்தார்.

சரி, நம் சாசுகேவிடம் திரும்புவோம். டோக்கியோ பகட்டெல்லாம் வேண்டாம் என்று 1993இல் ஜப்பானின் வடகிழக்கில், இவாத்தே மாகாணத்தில், 'மிச்சினோகு புரோ' என்று சொந்த நிறுவனம் தொடங்கியவர் அவர். சின்னச் சின்ன ஊர்களின் உடற்பயிற்சிக் கூடங்களில் ஆட்டம். 2003இல் அந்த மாகாண சட்டமன்றத் தேர்தலில் நின்று ஜெயித்தார். முகமூடியோடு பிரசாரம், முகமூடியோடு பதவி! எதிர்ப்பு கிளம்பியது, மனிதர் கழற்றவே இல்லை. 2007இல் ஆளுநர் தேர்தலிலும் நின்றார். அதில் மட்டும் தோல்வி.

அந்த நிறுவனத்தின் சொந்தப் பட்டம்தான் தொஹோக்கு ஜூனியர் ஹெவிவெயிட். தொஹோக்கு என்பது அந்த வடகிழக்கு வட்டாரம். உலகப் பட்டம் இல்லை, தேசியப் பட்டம்கூட இல்லை, வட்டாரப் பட்டம்! அதற்காக ஒருவர் என்ன செய்தார் தெரியுமா? ஃபுஜிடா ஹயாட்டோவுக்கு 2018இல் முதுகுத் தண்டுவடத்தில் புற்றுநோய் என்று தெரியவந்தது. பல ஆண்டு சிகிச்சை, நடைப் பயிற்சி. 2022 ஜூலை 1 அன்று டோக்கியோவின் கொராக்குவென் அரங்கில் மீண்டும் ரிங் ஏறினார். திரும்பி வந்த முதல் ஆட்டத்திலேயே சாம்பியன் முசாஷியை வீழ்த்தி அந்தப் பட்டத்தை வாங்கினார். என்னைக் கேட்டால், ஜே கிரவுனின் எட்டு பெல்ட்டையும் விட இந்த ஒன்றுக்குத்தான் கனம் அதிகம்.

எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: 1994 ஏப்ரல் 16, சூப்பர் ஜே கப் போட்டி, லைகர் - சாசுகே அரையிறுதி. சாசுகே கயிற்றில் கால் வழுக்கி விழ, லைகர் கேலியாகக் கைதட்டுவார். அடுத்த சில நொடிகளில் என்ன நடக்கிறது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்!