51-வது விளக்கு!

ஐம்பது வரைக்கும் சொத்து உங்களுடையது. ஐம்பத்தோராவது உருப்படி வெளியே வந்தால் ஊருக்கே பொது! விடுகதை இல்லை ஸார். 1957-ஆம் வருஷத்துக் காப்பிரைட் சட்டம், 15-வது பிரிவு.

பொம்மையார்பாளையத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, களிமண்ணில் விளக்கு செய்கிற நண்பர் ஒருவர் இருக்கிறார். மீன்வலை மாதிரி ஓட்டை ஓட்டையாக ஒரு விளக்கு. ஏற்றினால் சுவரெல்லாம் வலை விரியும். போன சீசனில் அதே விளக்கு, அதே வலை, பாதி விலைக்கு இன்னொரு கடையில் தொங்கியது.

"படம் நான் போட்டது ஸார். ரிஜிஸ்டர் பண்ணாட்டியும் காப்பிரைட் தானா வரும்னாங்களே?"

சொன்னவர்கள் பாதிதான் சொல்லியிருக்கிறார்கள். படம் போட்டதுமே காப்பிரைட் வந்துவிடும். ஆயுள் முழுக்க, அப்புறம் 60 வருஷம். ஆனால் அந்தப் படத்தைப் பொருளாக்கித் தொழில்முறையில் 50-க்கு மேல் செய்தால், டிசைன் சட்டப்படி பதிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் பொருளின் மேல் இருந்த உரிமை காலி. தாளில் இருக்கிற மூலப் படம் மட்டும் மிஞ்சும்.

"கையாலதானே செய்யறேன்?"

டிசைன் சட்டம் கைவேலையையும் சேர்த்துத்தான் கணக்கில் வைக்கிறது. "எத்தனை செஞ்சீங்க?" என்றேன்.

"தீபாவளிக்கு மட்டும் முந்நூறு!" பெருமையாகச் சொன்னார். எனக்குத்தான் பக்கென்றது.

பெரிய இடத்திலும் இதே கூத்துதான். 2008-ல் டெல்லி ஹைகோர்ட்டில் தருண் தஹிலியானியின் நிறுவனம் பிழைத்தது. காரணம், உடைகள் 50-ஐத் தாண்டவில்லை. 2016-ல் அதே கோர்ட்டில் ரித்து குமார் உடைகளை விற்கும் ரித்திகா நிறுவனம், பீபா மீது போட்ட வழக்கில் தோற்றது. பதியவில்லை, 50-ஐயும் தாண்டியாச்சு. வியாபாரம் ஓகோ என்றால் உரிமை போச்சு, இது என்ன நியாயமோ! பதியாத டிசைனுக்கே பிரிட்டனில் அதிகபட்சம் 15 வருஷம் தனி உரிமை உண்டு, ஐரோப்பிய யூனியனில் 3 வருஷம். நம் சட்டத்தில் அப்படி ஒன்று இல்லை.

விற்ற விளக்கை இனிப் பதியவும் முடியாது. புதுசாக இருந்தால்தான் 2000-ஆம் வருஷத்து டிசைன் சட்டம் ஏற்கும். அடுத்த விளக்கை, கடையில் வைப்பதற்கு முன்னால், வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவதற்கும் முன்னால் பதிய வேண்டும். தனி ஆளுக்கு விண்ணப்பக் கட்டணம் ஆயிரம் ரூபாய்தான். பத்து வருஷம் பாதுகாப்பு, புதுப்பித்தால் இன்னும் ஐந்து.

பழைய விளக்குக்கு ஒரே வழி 'பாஸிங் ஆஃப்' வழக்கு. அந்த வடிவத்தைப் பார்த்ததுமே ஜனங்கள் 'இது இன்னார் சரக்கு' என்கிறார்கள் என்று நிரூபிக்க வேண்டும். அதற்குப் பழைய பில், ஆர்டர், தேதியோடு போட்டோ எல்லாம் வேண்டும். பி.காம். படித்த புத்தி, முதலில் பில்லைத்தான் கேட்டேன். "பில்லா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

ஆபீஸ்காரர்களுக்கு ஒரு கொசுறு: சம்பளத்துக்கு, வேலையின் பகுதியாகப் போட்ட படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் முதல் சொந்தக்காரர் முதலாளிதான். ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் உட்கார்ந்து, வேலைக்குச் சம்பந்தமில்லாமல் கிறுக்கியது உங்களுடையது. ஐம்பது வரைக்கும்!