நம்பப்படாத வலி – 6: ஹிலாரி மேன்டல் இழந்தவை

2009, 2012 என இரண்டு முறை புக்கர் பரிசு பெற்றவர் ஆங்கில நாவலாசிரியர் ஹிலாரி மேன்டல். அவர் உடல் பட்ட பாட்டை அறிய, 2003-ல் வெளிவந்த அவருடைய தன்வரலாற்றைத்தான் படிக்க வேண்டும்.

1970-களின் தொடக்கத்தில், சட்டம் படித்துக்கொண்டிருந்த காலத்தில், கால்வலி, வயிற்றுவலி, ஓயாத அசதி என்று மருத்துவரிடம் போனார். உடம்பில் எதுவும் பிடிபடவில்லை. மனச்சோர்வு என்று முடிவுகட்டி மனநல மருத்துவரிடம் அனுப்பிவிட்டார்கள். மாத்திரைக்கு மேல் மாத்திரை. அவற்றில் ஒன்று, ஒரு நிமிடம்கூட ஓரிடத்தில் இருக்கவிடாமல் அவரை அலைக்கழித்தது. மருந்தால் வந்த அந்தத் தவிப்பும் பார்ப்பவர்களுக்குப் பைத்தியமாகவே தெரிந்தது. எழுதுவதை நிறுத்தச் சொன்னார் மருத்துவர். நோயாளி சொல்வதை நம்பாமல் போனால், அந்த நம்பாமையே எப்படி இன்னொரு நோயை உண்டாக்கிவிடுகிறது, பாருங்கள்!

பிறகு கணவருடன் போட்ஸ்வானாவில் குடியேறினார். அங்கே மருத்துவப் பாடநூலைப் புரட்டி, தனக்கு வந்திருப்பது எண்டோமெட்ரியோசிஸ் என்று தானே கண்டுபிடித்தார். லண்டனில் அறுவைச் சிகிச்சை நடந்தபோது வயது 27. கருப்பை, சினைப்பைகள், குடலின் ஒரு பகுதி எல்லாம் போயின. பிள்ளை வேண்டுமா வேண்டாமா என்று யோசிக்கும் வாய்ப்பே அவருக்கு இல்லாமல் போனது. இத்தனையும் எடுத்த பிறகும் நோய் திரும்பி வந்தது. ஹார்மோன் சிகிச்சையில் உடல் பெருத்து, கண்ணாடியில் தெரிந்த உருவமே அவருக்கு அந்நியமானது.

கருப்பையின் உட்புறத்தில் இருக்கும் படலத்தைப் போன்ற திசு, சினைப்பை, கருக்குழாய், குடல், சிறுநீர்ப்பை என்று வெளியே எங்கெங்கோ வளர்வதுதான் இந்த நோய். மாதவிலக்கின் ஹார்மோன்களுக்கு அதுவும் ஆடுகிறது. சுற்றிலும் அழற்சி, பிறகு தழும்பு. நாளடைவில் உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கினால் அதுதான் நம் ஊர் ஸ்கேன் ரிப்போர்ட்டில் வரும் ‘சாக்லேட் சிஸ்ட்’. மலம் கழிக்கும்போது வலி, உறவின்போது வலி, கருத்தரிப்பதில் சிக்கல். அரிதாகச் சிறுநீர்க்குழாய் அடைபட்டு, சத்தமே இல்லாமல் ஒரு சிறுநீரகம் செயலிழப்பதும் உண்டு. வருடக்கணக்கில் நீடிக்கும் வலி நரம்புகளையே மாற்றிவிடுகிறது. அதனால் கட்டியை அகற்றிய பிறகும் சிலருக்கு வலி விடுவதில்லை. நோயைக் கண்டறிவதில் நேரும் தாமதத்தின் விலை என்று நான் சொல்வது இவற்றைத்தான்.

உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி, கருத்தரிக்கும் வயதிலுள்ள பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறத்தாழ 19 கோடிப் பேருக்கு, இந்த நோய் இருக்கிறது. இவ்வளவு பரவலான நோய்க்கு ஏன் இத்தனை தாமதம்? சென்னையில் பிறந்து அமெரிக்காவில் பெயர்பெற்ற பத்மா லட்சுமிக்கே 36 வயதில்தான் நோய் இன்னதென்று தெரிந்தது. பூப்படைந்த காலத்திலிருந்தே மாதந்தோறும் படுக்கையில் கிடந்தவர் அவர். வசதியும் புகழும் இருந்தும் இந்த நிலை. “தூரம்னா வலிக்கத்தான் செய்யும்”, “ஒரு குழந்தை பொறந்தா எல்லாம் சரியாயிடும்” என்று வீட்டிலேயே வாயை அடைத்துவிடும்போது, ஒரு பள்ளி மாணவி யாரிடம் போய்ச் சொல்வாள்? பிள்ளைப்பேறு இதற்கு மருந்தல்ல. அன்பாகச் சொன்னாலும் அந்த அறிவுரை அவளுடைய ஆண்டுகளைத் தின்கிறது.

சாதாரண ஸ்கேனில் ஒன்றும் தெரியாமல் போகலாம். மேலோட்டமான திட்டுகள் பெரும்பாலும் படத்தில் விழுவதில்லை. எனவே ‘நார்மல்’ என்று ரிப்போர்ட் வந்தாலும் நோய் இல்லை என்று ஆகிவிடாது. முன்பெல்லாம் லேப்ராஸ்கோபி செய்து கண்ணால் பார்த்த பிறகே நோயை உறுதிசெய்வார்கள். 2022-ல் வெளிவந்த ஐரோப்பிய வழிகாட்டுதல் அந்தக் கட்டாயத்தைத் தளர்த்தியது. அறிகுறிகளை வைத்தே ஹார்மோன் சிகிச்சையைத் தொடங்கிப் பார்க்கலாம் என்கிறது அது. மருத்துவரிடம் போகும்போது எந்தத் தேதியில், எங்கே, எதைச் செய்கையில் வலித்தது, எத்தனை நாள் பள்ளிக்கோ வேலைக்கோ போக முடியவில்லை என்பதை எழுதி எடுத்துப் போங்கள். மலம், சிறுநீர் கழிக்கும்போது வலித்தால் கூச்சப்படாமல் அதையும் சொல்லுங்கள்.

அந்த ஹார்மோன் மாத்திரைகள் என்ன செய்கின்றன, எவருக்கு அறுவைச் சிகிச்சை தேவை என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.