மாசிலா உண்மைக் காதலே (பாடல்)

மாசிலா உண்மைக் காதலே என்பது 1956 ஆம் ஆண்டு வெளியான அலிபாபாவும் 40 திருடர்களும் திரைப்படத்தில் இடம்பெற்ற காதல் பாடலாகும். அ. மருதகாசி இயற்றிய இப்பாடலை, எஸ். தட்சிணாமூர்த்தியின் இசையில் ஏ. எம். ராஜாவும் பி. பானுமதியும் பாடினர். திரையில் ம. கோ. இராமச்சந்திரனுக்கு ராஜா குரல் கொடுத்தார். கதாநாயகியான பானுமதி தாமே பாடி நடித்தார்.

மெட்டு

1954 இல் வந்த அலிபாபா அவுர் 40 சோர் என்ற இந்திப் படத்தில் முகமது ரபியும் ஆஷா போஸ்லேயும் பாடிய "ஏ சபா உன்சே கஹ் சரா" பாடலின் மெட்டே இதற்கு அடிப்படை. மெட்டு முன்னரே அமைந்துவிட்டதால், அதன் அளவுக்குள் அடங்கும் தமிழ்ச் சொற்களைக் கண்டறிவதே கவிஞரின் பணியாயிற்று. இந்திப் பாடல் காற்றைத் தூதாக அழைத்துத் தொடங்குகிறது. தமிழ்ப் பாடலோ தூது இன்றி, காதலையே நேராக விளித்துத் தொடங்குகிறது. எனவே இது மொழிபெயர்ப்பு அன்று. பழைய மெட்டில் எழுந்த புதிய பாடல்.

கவிஞர்

மருதகாசி (1920–1989) அன்றைய திருச்சி மாவட்டத்தில், இன்றைய அரியலூர் மாவட்டப் பகுதியில் உள்ள மேலக்குடிகாடு என்னும் சிற்றூரில் பிறந்தவர். 1949 இல் வெளியான மாயாவதி படத்தின் மூலம் திரையுலகில் நுழைந்தார்.

ஒப்பீடு

மெக்சிகோவின் கொன்சுயெலோ வெலாசுகெசு இயற்றிய பெசாமே மூச்சோ என்ற காதல் பாடலும் இவ்வாறே மொழி கடந்தது. சன்னி ஸ்கைலர் எழுதிய ஆங்கில வரிகளுடன் அது 1944 இல் அமெரிக்காவில் பெரும் புகழ் பெற்றது. மெட்டு பயணம் செய்யும். சென்ற மொழியில் அது நிலைப்பது அங்குள்ள கவிஞரின் சொல்லால்தான்.